சாரத்தில் பிறந்த பிரெஞ்சுக்காரி

அமெரிக்கப் பார்லிமெண்டில் என்ன நடக்கிறதென்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, பாண்டிச்சேரி சாரத்தில் எங்கள் வீட்டுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் எமீல் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே போனில் அதைப் பார்த்துவிடுவார். மேல்படிப்புப் படித்த வெளிநாட்டுக்காரர்களை கிரீன் கார்டு வரிசையில் நிற்க வைக்கவேண்டாம், நேரே கொடுத்துவிடலாம் என்று அங்கே ஒரு மசோதா வந்திருக்கிறதாம். வந்திருக்கிறது, அவ்வளவுதான். நிறைவேறுமா என்பது யாருக்கும் தெரியாது, இவரைத் தவிர.

"அடுத்த மாசம் பாஸாயிடும், மேரி."

போன மாதமும் இதையேதான் சொன்னார்.

எங்கள் ஒரே மகள் அமாந்தின் அமெரிக்காவில் பேட்டரி ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கி அங்கேயே வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் ஜூலியனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி இரண்டு வருஷமாகிறது. அவனும் டாக்டர் பட்டம் வாங்கியவன். தவளக்குப்பத்துப் பிள்ளை, பூசைக்குத் தவறாமல் போகிற பிள்ளை. அப்பா கிறிஸ்துதாஸ் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? எமீல் ஒன்று கண்டுபிடித்தார். பையனுடையது இந்தியப் பாஸ்போர்ட்.

எமீல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். சொல்தா வீடு என்று கேட்டால் தெருவில் எவரும் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை அவர் தாத்தா காலத்திலிருந்து வருகிறது. அது வந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கழுத்து முழுசாக வளைந்ததில்லை.

"இந்தியாக்காரனுக்கு வரிசை கடல் வரைக்கும் நிக்குது. தல நரைச்சாலும் கார்டு கெடைக்காது. எம்பொண்ணு பிரெஞ்சுக்காரி, அவளுக்கு இன்னா வரிசை? சட்டம் வரட்டும், அவன் கையில கார்டு வரட்டும். அப்புறம் கல்யாணத்தப் பேசலாம்" என்பார்.

பப்பா மனசார சரியென்று சொல்லாமல் கல்யாணம் வேண்டாம் என்பாள் அமாந்தின். இவருக்குத் தப்பாத பிடிவாதம் அது. முதலில் எல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை. சட்டம் வராமலே போனால் என் பெண் இப்படியே உட்கார்ந்திருப்பாளா? நானே கிறிஸ்துதாசுக்குப் போன் போட்டு, ஞாயிறு சாயங்காலம் வந்து முறையாகப் பெண் கேளுங்கண்ணே என்று சொல்லிவிட்டேன்.

அவர் பூவும் பழமுமாக வந்தார். எமீல் அவரைத் தன் மெடல் போட்ட படத்துக்கு நேர் எதிரே உட்காரவைத்து, வரிசையைப் பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். கிறிஸ்துதாஸ் "சரிங்க முசியே, சரிங்க முசியே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தயங்கித் தயங்கி, "எம்பையன் இந்தியா வரிசையில நிக்கலியாமே, முசியே. குவைத்து வரிசைன்னு இன்னாவோ சொன்னான். எனக்கு வெளங்கல" என்றார்.

எமீலுக்கு ஒரே சிரிப்பு. "இந்தியப் பாஸ்போர்ட்ட வெச்சிக்கினு குவைத்து வரிசையா? இருங்க, எம்பொண்ணே சொல்லட்டும்" என்று அவரே வீடியோவில் மகளைக் கூப்பிட்டார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அமாந்தின், "அங்கிள் சொல்றது சரிதான், பப்பா" என்றாள். "வரிசைக்கு யாரும் பாஸ்போர்ட்டப் பாக்கறதில்ல. எந்த நாட்ல பொறந்தோம்னுதான் பாப்பாங்க. ஜூலியன் குவைத்துல பொறந்தவன். அந்த வரிசையில கூட்டமே இல்ல. நான் பாண்டிச்சேரியில பொறந்தவ. கடல் வரைக்கும் நிக்குதுன்னு சொல்றீங்களே, அந்த வரிசையில நிக்கிறது நான்தான். எத்தன தடவ சொன்னேன். அதெல்லாம் இந்தியாக்காரங்களுக்குன்னு சொல்லிப் போன வெச்சிடுவீங்க."

எமீல் படத்தில் இருந்த தன் மெடல்களைப் பார்த்தார். அவை உதவிக்கு வரவில்லை.

"நீ எதுக்கு இங்க வந்து பொறந்த?" என்றார்.

"அத அம்மாவக் கேளுங்க."

கேட்கட்டும் என்றுதான் நான் காத்திருந்தேன். கிறிஸ்துதாசைப் பார்த்து ஒன்று விடாமல் சொன்னேன். அப்போது நாங்கள் பிரான்சில் பட்டாளத்துக் குடியிருப்பில் இருந்தோம். ஏழாம் மாதம். பக்கத்திலேயே நல்ல ஆஸ்பத்திரி, இங்கேயே பெற்றுக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், எங்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம் என்று இந்த மனுஷர்தான் பெட்டி கட்டி இங்கே சாரத்துக்கு விமானம் ஏற்றிவிட்டார். வழக்கமாவது ஒன்றாவது. இவருக்குப் பத்தியச் சோறு பொங்கத் தெரியாது, அந்தப் பயம்தான். பிள்ளை பிறந்ததும் ஓடி வந்து, அது யார் ஜாடை என்றுகூடப் பார்க்காமல் கான்சுலேட்டில் போய்ப் பதிந்து பிரெஞ்சுக்காரி ஆக்கிவிட்டார். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரிக்கு அனுப்பத் தாய்வீடு இல்லிங்க. அவங்கம்மா முன்னியே தவறிட்டாங்க. அதான் குவைத்துலியே பெத்துக்கிச்சு. ரொம்ப நாள் அதச் சொல்லி அழுவும்" என்றார் கிறிஸ்துதாஸ்.

பிறகு எமீல் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு பேரும் கட்டிக்கிட்டா?"

"நானும் அவன் வரிசைக்குப் போயிடலாம். ஆனா அதுக்காக அவனக் கட்டிக்க நெனைக்கல, பப்பா. நீங்க சொல்ற சட்டம் வந்து எந்த வரிசையும் இல்லாமப் போனாலும் எனக்கு அவன்தான்."

எமீல் எழுந்து அடுப்படிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். தண்ணீர் குடிக்கப் போனவர் டம்ளரை எடுக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேரி."

"இன்னாங்க?"

"அவளுக்குத் தலப்பிரசவம்னு வந்தா இங்க கூப்பிட்டுடாத. அங்கியே பெத்துக்கட்டும்."

கல்யாணத்துக்கே இன்னும் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் பிரசவமா என்று கேட்க வாயெடுத்தேன். கண்தான் நிறைந்தது. என் மகள் வாயும் வயிறுமாக இந்த வீட்டுக்கு வருவாள், கை நிறைய வளையல் போடலாம் என்று எத்தனை ஆசை வைத்திருந்தேன். அந்த ஆசையை அந்த இடத்திலேயே விட்டேன்.

"அப்ப நான்தான் அங்க போவணும்" என்றேன்.

"நானும் வரேன். அதுக்குள்ள அந்தப் பத்தியச் சோறு எப்பிடிப் பொங்கறதுன்னு சொல்லிக் குடு."

விருந்தாளிக்கு நான் கலந்து எடுத்த காப்பித் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் யாருக்கும் தட்டு ஏந்தி நான் பார்த்ததில்லை. கூடத்தில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அமாந்தின் அதில் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"ஆறிடப்போவுது. எடுத்துக்குங்க, சம்மந்தி."