வெள்ளைக் கண்

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோலம் என்றால் மயில் வேண்டும், இல்லாவிட்டால் குத்துவிளக்கு வேண்டும். ஈஜோக் மண்டபத்துத் தீபாவளி விருந்துக்கு நான் என் அம்மா சின்னத்தாயைப் போட்டேன். சாயம் ஏற்றிய அரிசியில், முதுகில் மருந்து பம்ப்போடு, தோட்டத்துச் செம்பனை மரங்களுக்கு நடுவே நிற்கிறாள். வலது கண் கறுப்பு. இடது கண்ணில் வெறும் வெள்ளை அரிசி. புல்லைக் கொல்ல அடித்த மருந்து தெறித்து அவிந்துபோன கண் அது. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை, வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இந்தக் கண்ண யாரும் தொடக்கூடாது அண்ணே," என்று சங்கத் தலைவர் திருச்செல்வத்திடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

"எனக்குத் தெரியாதா அன்பரசி? நானும் அந்தத் தோட்டத்து லயத்துப் பிள்ளதானே," என்றார். அவருடைய தாயும் என் அம்மாவோடு மருந்து அடித்தவர்தான். நம்பித் தொலைத்தேன்.

சிறப்பு விருந்தினராக, அரசாங்கப் பட்டம் வாங்கிய டத்தோ வந்தார். மாலை, பொன்னாடை, உறுமி மேளம். வந்த பிரமுகர் கடைசிப் பிடி அரிசியைத் தூவினால்தான் எங்களுக்குக் கோலம் முடிந்த மாதிரி. அதற்காகவே பனை மட்டை ஒன்றின் நுனியைப் பாக்கி வைத்திருந்தேன். திருச்செல்வம் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. கறுப்பு அரிசிக் கிண்ணத்தை நீட்டி, "கண்ணத் தொறந்து வைங்க டத்தோ," என்றார்.

"அண்ணே, வேணாம்!" என்று கத்தினேன். கேட்டவர்களும் கை தட்டினார்கள். டத்தோ வெள்ளைக் கண்ணில் தூவியபின் அவர் மனைவி ஒரு சிட்டிகை, செயலாளர் ஒரு சிட்டிகை. கண் இருந்த இடத்தில் எறும்புப் புற்று எழும்பியது. திருச்செல்வத்தை ஓரமாக இழுத்தேன்.

"ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?"

"நல்ல நாள்ல நொள்ளக் கண்ணு எதுக்கும்மா? டத்தோ மூஞ்சி சுளிச்சா அடுத்த வருசம் யாரு வருவா? இப்பதான் லட்சணமா இருக்கு லா."

பெற்றவள் பட்ட பாட்டைக்கூட பவுடர் பூசித்தான் இந்த மனிதர்களால் பார்க்க முடியும். தூ!

அடுத்தது படம். அந்த நேரம் பார்த்து என் தம்பி அம்மாவை அழைத்துவந்து கோலத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தான். திருச்செல்வம் ஓடிவந்தார்.

"சின்னம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் போயி உக்காருங்க. படத்துல கோலத்த மறைக்குது."

அம்மா எழுந்ததும் நாற்காலியை அவரே தூக்கிக் குப்பைத் தொட்டி ஓரம் போட்டார். அம்மா அங்கே போய் உட்கார்ந்தாள். எல்லோரும் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு பிரியாணிக்கு வரிசை கட்டினார்கள்.

நான் தரையில் உட்கார்ந்து கறுப்பு அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தேன். அம்மா மெல்ல வந்து, குனிந்து, கோலத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"யாருடி இது?"

"நீதாம்மா."

"எனக்கு ஏதுடி ரெண்டு கண்ணு?" என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பொறுக்கினாள்.