முன்பக்க வாளி

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போன மெக்கானிக்குக்கு மாமனார் கொட்டகையில் வேலை ஓய்ந்ததே இல்லை. வெளியே ஸ்பானர் பிடித்தால் கூலி கிடைக்கும். மாமனாரிடம் பிடித்தால் வசவுதான்.

மாமனாரின் பழைய டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைத் தூக்கத்தான் தெரியும். முன்னால் மண் அள்ளும் வாளி மாட்டி, அதையும் ஹைட்ராலிக்கில் ஏற்றி இறக்க வேண்டும் என்று பெரியவருக்கு ஆசை வந்துவிட்டது. மெக்கானிக் பம்பிலிருந்து எண்ணெய்க்கு ஒரு கிளை பிரித்தான், கன்ட்ரோல் வால்வு பொருத்தினான், சிலிண்டர்கள் வரை இணைப்பு இழுத்தான். ஹோஸ் மட்டுமாவது புதிதாக வேண்டும் என்று கெஞ்சினான். மாமனார் காயலான் கடையிலிருந்து வெடிப்பு விழுந்த ஹோஸைக் கொண்டுவந்து காலடியில் போட்டார்.

ஓட்டிப் பார்த்த அன்று காலை அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். லீவரை இழுத்ததும் வாளி ஜோராக எழுந்தது. அப்புறம் தானாகவே மெல்ல மெல்லத் தாழ்ந்தது. ஹோஸைச் சுற்றிப் புகைபோல எண்ணெய்த் தூவல். ஓட்டைதான் கண்ணில் படவில்லை. கையால் தடவினால் ஆபத்து, அட்டைத் துண்டு ஏதாவது வைத்துத் தேடுகிறேன் என்றான் மெக்கானிக்.

"கை அழுக்காயிடும்னு பாக்குறீங்களா மாப்ளே? தள்ளுங்க, கிழவன் நான் வைக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. சமையலறை வாசலில் நின்ற அவன் மனைவியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை அவன் பொறுத்திருப்பான். வலது கையை நீட்டி ஹோஸை நெடுகத் தடவினான்.

ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது. ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, ரத்தம்கூட வரவில்லை. ஓட்டையைக் கண்டுபிடித்தாயிற்று என்று மாமனார் கைதட்டினார். டாக்டரிடம் போய் வருகிறேன் என்றதற்கு, எறும்பு கடிச்சதுக்கெல்லாம் டாக்டரா என்று கேட்டு, ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி ஹோஸை மறுபடி மாட்டச் சொன்னார். அவனும் மாட்டினான். மதியத்துக்குள் விரல் மெழுகாக வெளுத்தது. சாயங்காலம் வலி முழங்கைக்கு ஏறியபோது பக்கத்து நிலத்துக்காரர்தான் பைக்கில் ஏற்றிப் போனார்.

எண்ணெய் பாய்ந்த வேகத்தில் தோலுக்கடியில் உள்ளங்கை வரை போய்ச் சதையைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். காலையிலேயே வந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாமாம். பலமுறை கிழித்துக் கழுவியும் பலனில்லை. கடைசியில் மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

மனைவி கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தன் பக்கம் ஒரு வார்த்தை பேசுவாள் என்று அவன் காத்திருந்தான்.

"அப்பா ஏதோ விளையாட்டுக்குச் சொன்னாரு. நீங்க எதுக்குக் கையை வச்சீங்க?" என்றாள்.

வீடு திரும்பியபோது டிராக்டரில் புது ஹோஸ் மாட்டியிருந்தது. வேறொரு மெக்கானிக் கேட்டதும் மாமனார் மறுபேச்சில்லாமல் வாங்கித் தந்தாராம். காயம் ஆறியதும் இவனை ஓட்டுநராக ஏற்றி உட்காரவைத்தார். மொட்டைக் கையால் ஸ்டீயரிங்கை அணைத்துக்கொண்டு, இடது கையைக் குறுக்கே நீட்டி லீவரை இழுக்கப் பழகினான்.

ஒருநாள் விருந்தாளிகளைக் கூட்டிவந்து மாமனார் அவனைக் காட்டினார்.

"பாத்தீங்களா, ஒத்தக் கையிலயே வேலை நடக்குது. இத்தனை நாளும் இன்னொரு கைக்கும் சேத்துல்ல சோறு போட்டிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சும்மா இருந்தால் பெரியவர் கோபித்துக்கொள்வாரோ என்று அவனும் சிரித்தான்.