மூன்று மாதமும் எட்டரை

மகளின் அங்கன்வாடி அட்டையில் மூன்று மாதமும் ஒரே எடை எழுதியிருந்தது. ஒன்பதாம் மாதம் 8.5, பத்தாம் மாதம் 8.5, பதினொன்றாம் மாதம் 8.5. சனிக்கிழமை துணி மடித்து வைக்கும்போதுதான் பிரசீதா அதைப் பார்த்தாள். பார்த்த நேரத்திலிருந்து மனசுக்குள் ஒரு நமைச்சல். நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ஏழு வருடமாக ரத்தம் பார்க்கிறவள் அவள். ஹீமோகுளோபின் 11.3 என்று வந்தால் நம்புவாள். வரிசையாக நாலு பேருக்குச் சரியாகப் பன்னிரண்டு என்று வந்தால் மெஷினைத் திறந்து பார்ப்பாள். உண்மையான அளவுக்கு வாலில் கொஞ்சம் அழுக்கு ஒட்டியிருக்கும் என்பது அவள் கட்சி. இந்த எட்டரை குளித்துப் பவுடர் போட்டு வந்த மாதிரி இருந்தது.

அனகாவுக்கு எட்டு மாதம் முடிந்த வாரம்தான் அவள் திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கினாள். அதற்குப் பிறகு பிள்ளையை அங்கன்வாடிக்குத் தூக்கிப் போவது மாமியார். டீச்சர் தட்டில் வைத்துத்தான் எடை பார்த்தாரா என்று அவரிடம் கேட்டாள். பார்த்தாள் பார்த்தாள் என்றவர், பிள்ளையின் எடையை இப்படி விசாரித்துக்கொண்டு இருக்கக்கூடாது என்று முணுமுணுத்தபடி மீன் கழுவப் போய்விட்டார். முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரசீதாவுக்கு அது போதுமானதாக இருந்தது. போன மாத எண்ணைப் பார்த்து இந்த மாதம் எழுதியிருக்கிறார்கள், அது மாமியாருக்கும் தெரியும். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

அங்கன்வாடியில் பிள்ளைகள் கஞ்சி குடித்துவிட்டுப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. இருபத்திரண்டு வருடமாக அங்கே டீச்சராக இருக்கும் சுகிர்தபாய் அரிசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பிரசீதா அட்டையை மேசையில் வைத்தாள்.

"மூணு மாசமும் ஒரே வெயிட்டு எப்பிடி டீச்சர் வரும்? தூக்கிப் பாக்காமத்தானே எழுதினிய?"

சுகிர்தபாயின் முகம் கறுத்துவிட்டது. அலமாரியைத் திறந்து, பிரவுன் அட்டை போட்ட ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார்.

"இது எனக்க சொந்த நோட்டாக்கும். பாரு. ஒரு பிள்ளைக்காவது நான் கள்ளம் எழுதினேனான்னு பாத்துட்டு சொல்லு."

மாதத்துக்கு ஒரு பக்கம். பக்கம் நிறைய ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். எடை பார்க்கும் நாளில் பத்துப் பெண்கள் சுற்றி நிற்பார்கள், யாருக்கும் தன் பிள்ளையின் எடையைச் சரியாக வாய்விட்டுச் சொல்வது பிடிக்காது, கண் பட்டுவிடும் என்பார்கள் என்று சுகிர்தபாய் மூச்சு வாங்கச் சொன்னார். அதனால் பக்கத்தில் இருக்கும் அரைக் கிலோவைத்தான் சொல்வாராம். சொன்னது ஒன்று அட்டையில் ஒன்று என்றால் சண்டை வரும் என்று அதையே அட்டையிலும் எழுதிவிடுவாராம்.

"உனக்க மாமியுந்தான் சொன்னாவ, சரியா சொல்லாண்டாம் டீச்சரேன்னு."

பிரசீதாவுக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு பெரிய மனுஷியைக் கள்ளி என்று சொல்லாத குறையாகப் பேசியாயிற்று. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள், அப்படியே பக்கங்களைப் புரட்டினாள். அனகா, 8.62. அடுத்த பக்கத்தில் 8.48. அதற்கடுத்த பக்கத்தில் 8.31. விரலை இடையில் வைத்துக்கொண்டு திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனாள். மூன்றுக்கும் பக்கத்து அரைக் கிலோ எட்டரைதான். யாரும் பொய் எழுதவில்லை. முந்நூற்றுப் பத்து கிராம் குறைந்திருந்தது, அவள் வேலைக்குப் போன நாளிலிருந்து. ஊரான் பிள்ளையின் ரத்தத்தில் புள்ளி மூன்றைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று நினைத்தாள்.

சுகிர்தபாய் அவள் முகத்தைப் பார்த்தார். நோட்டை வாங்கி அவரும் மூன்று பக்கங்களைப் புரட்டினார். பிறகு பிள்ளைகளுக்கான சின்ன ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் மூணையும் சேத்து வச்சுப் பாக்கல்ல மக்கா," என்றார். இப்போதே ஒருமுறை எடை பார்ப்போம், பார்த்துவிட்டு நேராகப் பாறசாலை ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வாறேன் என்றார்.

பிரசீதா பிள்ளையின் வளையலைக் கழற்றினாள், அரைஞாணைக் கழற்றினாள், டயப்பரையும் கழற்றினாள். எல்லாம் கழற்றிய பின் அனகா இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். எடைத் தட்டின் குளிர்ச்சி பட்டதும் சிணுங்கி உடம்பை முறுக்கினாள். பிரசீதா பிள்ளையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். சிவப்பு எண்கள் துள்ளித் துள்ளி ஏறின. 8.41, 8.47, 8.52. பிறகு 8.50 என்று நின்றன.

சுகிர்தபாய் பேனாவைத் திறந்து, நோட்டில் புதுப் பக்கம் எடுத்தார்.

"கைய எடு மக்கா, அதுக்க கனமும் சேருது."

அனகா அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பிரசீதாவின் கை அங்கேயே இருந்தது.