ஏழடி நாலு அங்குலம்

மலர்வளையத்தை வைத்துவிட்டு அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் கிளம்பிவிடுவார் என்றுதான் மகள் நினைத்தாள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். இருவருக்கும் நடுவில் அப்பா படுத்திருந்தார். நேற்று மாலை தச்சு வேலை முடித்து, குளித்து, நெஞ்சை என்னவோ செய்கிறது என்று சாய்ந்தவர். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"முப்பத்தொரு வருஷம்மா. இவர் அடிச்ச பெட்டியில போன எந்தப் படத்துக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல" என்று கண்காணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டை நனையவில்லை என்பதை மகள் கவனித்தாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

அந்த மனிதரை அவளுக்கு மூன்று வாரமாகத் தெரியும், அருங்காட்சியக வாசல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று. 'துறையில் காத்திருப்பவர்கள்' ஓவியத்தை விற்கப் போகிறார்கள் என்று செய்தி கசிந்ததிலிருந்து ஊரே அங்கே நின்றது. பள்ளிக்கூடத்து வரிசையில் போய், படகுக்குக் காத்திருக்கும் அந்தப் பதின்மூன்று பெண்களை விரல்விட்டு எண்ணாதவர் நாட்டில் யார்? முதலில், கூரை ஒழுகுகிறது, பணம் வேண்டும் என்றார்கள். கூட்டம் பெருகியதும், விற்கவில்லை, வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய் ஆறு மாதத்தில் திரும்பிவிடும் என்று மாற்றிப் பேசினார்கள். யாரும் நம்பவில்லை. தையல்காரியான மகள் அசல் அளவிலேயே துணி வெட்டி ஓரம் தைத்துக் கொடுத்தாள். ஓவியம் படிக்கும் பெண்கள் அதில் அந்தப் படத்தை வரைந்து வாசலில் கட்டினார்கள். நீளம் ஏழடி நாலு அங்குலம், உயரம் ஐந்தடி.

அந்தத் துணியைத் தாண்டித்தான் அப்பா தினமும் வேலைக்குப் போனார். ஒரு நாளாவது ஏறிட்டுப் பார்த்தாரா என்றால் இல்லை. பிறகு திடீரென்று வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்புறக் கொட்டகையைத் தாழிட்டுக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார்.

"யாருக்குப்பா பெட்டி?" என்று அவள் கேட்டாள்.

"பெட்டி. அவ்வளவுதான்."

"கூலிக்கு மாரடிக்கிறவர்கிட்ட போய்க் கேட்டேன் பாரு" என்றாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படியாகவே. அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. அது நடந்து பதினோரு நாள்.

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். "சொல்லவே சங்கடமா இருக்கு. பெட்டியை இன்னிக்கே எடுத்துட்டா உங்களுக்கும் தொந்தரவு இல்ல. நாளைக்குக் காலையில படத்தை விமானத்துல ஏத்தணும்."

மகள் நிமிர்ந்தாள். விற்பனைக்குத் தடை கேட்ட வழக்கு திங்கட்கிழமைதான் நீதிமன்றத்துக்கு வருகிறது. நாளை ஞாயிறு.

"அவ்வளவு என்ன சார் அவசரம்? திரும்பி வரப்போற படம்தானே?"

"கண்காட்சிக்குன்னு ஒரு தேதி இருக்கேம்மா" என்றவர், அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டிக்காரனுக்குப் போன் போட வெளியே போனார்.

அம்மா முந்தானை முடிச்சிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்தாள். "முதல்ல நீ போ. உளி, ரம்பமெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு அப்புறம் அவங்கள உள்ள விடு. அப்பா சாமானைக் கண்டவன் மிதிக்க வேண்டாம்."

கொட்டகைக்குள் பெட்டி படுத்திருந்தது. மூடி சுவரில் சாய்ந்திருந்தது. அவள் முதலில் மூடியைத்தான் தடவிப் பார்த்தாள். போய்த் திரும்புகிற படத்துக்கென்றால் மூடிக்கு போல்ட் போடுவார்கள், கழற்றி மாட்ட வேண்டுமே. போனால் போனதுதான் என்றால் ஆணி. சிறுவயதில் அப்பாவே சொல்லிக் கொடுத்தது. மூடியில் ஒரு துளைகூட இல்லை. பக்கத்தில் ஒரு பை ஆணி தயாராக இருந்தது.

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு அடித்திருக்கிறார். செத்துப்போன மனிதர்மேல் இவ்வளவு கோபம் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

ஆத்திரத்தோடு ரம்பத்தை எடுத்து மூலையில் வைக்கப் போனவள் அங்கே அடுக்கியிருந்த பலகைத் துண்டுகளைப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு இருக்கும், எல்லாம் சாண் நீளம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சில் கோடும், அப்பாவின் கையெழுத்தில் 'ஏழடி எட்டு' என்ற அளவும் இருந்தன. படத்தின் நீளம், பஞ்சு வைக்க மேலும் நாலு அங்குலம். கோடு சரியாகத்தான் இருந்தது. அறுத்ததோ கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே.

ஆணியில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துப் பெட்டிக்குள் நீட்டினாள். ஆறடி பதினொரு அங்குலம். மறுபடியும் அளந்தாள். அதே ஆறடி பதினொன்று.

கண் மங்கினால் ஒரு பலகை தவறும். அத்தனை பலகையுமா தவறும்? அதுவும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவிலா? இன்னோர் ஆளைப் பிடித்து, மரம் வாங்கி, புதிதாக அடித்து முடிக்க நாலு நாளாவது ஆகும். திங்கட்கிழமை தாண்டிவிடும்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. துண்டுகளைச் சாக்கில் அள்ளிப் போட்டு, பழைய கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கொட்டகைக் கதவை விரியத் திறந்தாள்.

கண்காணிப்பாளர் பெட்டியைச் சுற்றி வந்தார். வண்டிக்காரன் ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "சார், எதுக்கும் ஒரு தடவை அளந்துக்கலாமா?"

கண்காணிப்பாளரின் கை அளவு நாடாவுக்குப் போனது. மகள் ஓரடி முன்னால் வந்தாள்.

"அளங்க சார்" என்றாள். குரல் தானாகவே உயர்ந்தது. "முப்பத்தொரு வருஷம் அளக்காம எடுத்துட்டுப் போனீங்க. இன்னிக்கு அவர் உள்ள படுத்திருக்கும்போது அளந்து பாருங்க. அம்மாவையும் கூப்பிடுறேன், நாடாவோட அந்த முனையைப் பிடிக்கட்டும்."

வீட்டுக்குள்ளிருந்து இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. கண்காணிப்பாளரின் முகம் சுருங்கிவிட்டது.

"சேச்சே, என்னம்மா இது. அவர் அளவை நாங்க சந்தேகப்படுவோமா? டேய், தூக்குடா."

நாலு பேர் தூக்கினார்கள். சந்து குறுகல் என்பதால் அவளே பின்னால் நின்று, கையசைத்து, வண்டியைத் தெருமுனை வரை பத்திரமாக வழியனுப்பினாள்.

திரும்பி வந்து, கண்காணிப்பாளர் விட்டுப்போன நாற்காலியை ஒதுக்கிவிட்டு, அப்பாவின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து அவள் இவ்வளவு பக்கத்தில் வரவில்லை. காதுமடலுக்குப் பின்னால், குளிப்பாட்டியவர்கள் கவனிக்காத மரத்தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"பெட்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா" என்றாள்.

அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். கொட்டகைச் சாவியை வாங்கி மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.