மில்லை நிறுத்திய கண்ணாடி

ஜெயசெல்வியிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு கண்ணாடித் துண்டு. நகத்தளவு. உருக்கும்போதே இரும்பைக் கலந்திருந்ததால் கருப்பட்டி நிறம். அறுநூறு டிகிரியில் இரண்டு மணி நேரம் சரியாக வைத்தால், கரைந்து கிடக்கும் இரும்பு உள்ளேயே கூடி, கண்ணுக்குத் தெரியாத படிகங்களாக வளரும். அப்புறம் அந்தக் கண்ணாடியைக் காந்தம் இழுக்கும். இழுக்க வேண்டும். நாளைக்குக் காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்கு வேறு தலைப்பு எடுக்கச் சொல்லிவிட்டார் அவளுடைய முனைவர் பட்ட வழிகாட்டி. நான்கு வருஷ உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான்.

ஏற்கெனவே இரண்டு துண்டுகள் பாழ். காரணம் தேட விஞ்ஞானம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவள் வேலை பார்க்கும் கல்லூரிக்குப் பின்னாலேயே கோபால்சாமியின் சாமை மில். அது ஓடினால் வோல்டேஜ் படுத்துவிடும், ஆய்வகத்து மின் உலையின் சூடும் இறங்கிவிடும். இன்றைக்கென்று பார்த்து ஜமுனாமரத்தூர் சந்தை நாள்.

"பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் மட்டும் நிறுத்துங்களேன்," என்று கெஞ்சினாள்.

"இன்னா டீச்சர், சந்தை நாளும் அதுவுமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாலும் கோபால்சாமி சுவிட்சை அணைத்துவிட்டார்.

சாமை அரைக்கச் சாக்கோடு வந்து உட்கார்ந்திருந்த அமுதவல்லி அணையவில்லை. "மூணு மைல் நடந்து வந்துகிறேன். இந்தம்மா கண்ணாடி வேவற வரைக்கும் நான் குந்திகினு இருக்கணுமா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

ஜெயசெல்விக்கு உட்கார முடியவில்லை. உலையில் தெரியும் எண்ணைப் பார்ப்பாள், ஜன்னலுக்குப் போவாள், அமுதவல்லியின் முறைப்பைப் பார்த்துக் கூசித் திரும்புவாள். அறுநூறு. அறுநூறு. ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மறுபடி அறுநூறு.

ஒரு மணிக்கு அவளே ஓடிப்போய், "போடுங்க!" என்றாள். மில் உறுமியது. உலையை அணைத்தாகிவிட்டது, ஆனால் திறக்கக் கூடாது. சட்டென்று காற்றுப் பட்டால் கண்ணாடி வெடித்துவிடும். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. மூன்று முறை கதவுப் பிடியில் கை வைத்தாள், மூன்று முறையும் தன்னையே திட்டிக்கொண்டு எடுத்தாள்.

ஐந்து மணிக்குத் துண்டை எடுத்தபோது வாசலில் அமுதவல்லி நின்றிருந்தாள், தலையெல்லாம் உமி. "எங்க, காட்டு. இன்னாத்துக்கு எங்கள குந்த வெச்சன்னு பாக்கறேன்."

ஜெயசெல்வி துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காந்தத்தை அருகே கொண்டுபோனாள். கண்ணாடி இந்தப் பக்கம் ஆடியது. அந்தப் பக்கமும் ஆடியது. காந்தம் இழுக்கிறதா, தன் கைதான் நடுங்குகிறதா? மறுபடி பார்த்தாள். தெரியவில்லை.

"குடும்மா இப்டி. உன் கையி ஆடுது."

அமுதவல்லி நூலை வாங்கிப் பிடித்தாள். நூல் அசையாமல் நின்றது. ஜெயசெல்வி இரண்டு கையாலும் காந்தத்தை மெல்ல நகர்த்தினாள். கண்ணாடி திரும்பியது. நூல் சாய்ந்தது. டிக்கென்று துண்டு போய் ஒட்டிக்கொண்டது.

அமுதவல்லி மூச்சைக்கூட விடாமல், "நான் ஆட்டல, பாத்துக்கோ," என்றாள்.