திகிலுக்குப் பூஜ்யம்

எங்கள் கல்லூரியில் திகில் படம் எடுத்தால், கடைசி ஃப்ரேமில் நிற்பவர் சுயமதிப்பீடு முடிகிறவரை படத்தைவிட்டு வெளியே வர மாட்டார். விஸ்காம் துறையில் சேரும் அன்றே இதைச் சொல்லிவிடுவார்கள். பெற்றோர் கூட்டத்திலும் சொல்வார்கள். பஸ் பாஸ் எங்கே வாங்குவது, அடையாள அட்டை தொலைந்தால் யாரைப் பார்ப்பது, அப்புறம் இது.

சுயமதிப்பீடு என்றால் படம் எடுத்தவர்களே உட்கார்ந்து தங்கள் படத்துக்கு மதிப்பெண் போடுவது. கதை, கேமரா, ஒலி, எடிட்டிங் இதற்கெல்லாம் இஷ்டத்துக்குப் போடலாம், யாரும் கேட்பதில்லை. திகிலுக்கு மட்டும் மனசில் இருப்பதைப் போட வேண்டும். 'அடுத்து என்ன ஆகுமோ' என்ற எண்ணம் எடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் அற்றுப்போய்ப் பூஜ்யம் விழுந்தால்தான் உள்ளே இருப்பவர் வருவார். சாதாரணமாக இதற்கு நாளாவதில்லை. ஒரே படத்தை எடிட்டிங் மேஜையில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தவனுக்கு என்ன திகில் மிஞ்சும்? போன வருடம் பிணமாக நடித்த சீனியர் ஒரு வாரத்தில் வந்துவிட்டார். நல்ல ஓய்வு என்றார். கொஞ்சம் சதையும் போட்டிருந்தார். எங்கள் துறையில் திகில் படத்துக்குத் திகிலில் யாரும் ஒரு மதிப்பெண்கூட வாங்கியதில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தடவை ஏன் என்று கேட்டார்கள். காரணத்தை எழுதி அனுப்பினோம், சரி என்றுவிட்டார்கள்.

எங்கள் படத்தில் நடித்தது பொன்ரூபா. இயக்கமும் எடிட்டிங்கும் அஜ்மல். ஒலி ஜெபராஜ். கதையும் கேமராவும் நான். கதை சின்னதுதான். ஒரு பெண் தனியாக ஒரு வீட்டுக்குக் குடிவருகிறாள். மொட்டை மாடியில் யாரோ குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்கிறது. மேலே யாரும் குடியில்லை. அவள் படியேறுகிறாள். பாதிப் படியில், திருப்பத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சத்தம் நின்றுவிடுகிறது. படமும் அதோடு முடிகிறது. குழாயைத் திறந்தது யார் என்று நான் எழுதவில்லை. அஜ்மல் கேட்டதற்கு, "யாருன்னு தெரியாம இருந்தாத்தான்டா கெத்து" என்றேன். அவனும் ஒத்துக்கொண்டான். திகில் படம் எடுக்கிற எல்லாப் பயல்களும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம்.

படப்பிடிப்பு எங்கள் துறையின் மாடிப்படியிலேயே நடந்தது. படம் முடிந்த பிறகும் அதே படியில் எல்லோரும் ஏறி இறங்கினோம். திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் ஒதுங்கிப் போவோம். பொன்ரூபாவின் அம்மா தினமும் மத்தியானம் வந்து அந்தத் திருப்பத்தில் தூக்குச்சட்டியை வைப்பார். சாயங்காலம் காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு, துறையின் டிவியில் மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, விருதுநகர் பஸ்ஸைப் பிடிப்பார்.

"வீட்ல இருந்தா இத்துனூண்டுதான் திம்பா. இங்க ரெண்டாள் சோறு வச்சாலும் மிச்சம் இருக்க மாட்டேங்குது" என்று சந்தோஷமாகவே சொன்னார்.

மதிப்பீட்டு நாளில் அஜ்மல் பூஜ்யம் போட்டான். ஜெபராஜ் பூஜ்யம் போட்டான். நானும் பூஜ்யம் போட்டேன். துறைத் தலைவர் சகாயமேரி மேடம் மாடிப்படியை எட்டிப் பார்த்தார். யாரும் இறங்கி வரவில்லை.

"யாரோ ஒருத்தர் பொய் சொல்றீங்க" என்றார் மேடம்.

அஜ்மல் தன் தாய்மேல் சத்தியம் செய்தான். ஜெபராஜ், "மேடம், அந்தக் குழாய் சத்தத்த இனி ஒருவாட்டி கேட்டா நான் படிப்பையே விட்ருவேன்" என்றான். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

எனக்கு எப்படிப் பூஜ்யம் வரும்? ஒவ்வொரு தடவை அவள் அந்தப் படியில் கால் வைக்கும்போதும், இந்தத் தடவையாவது திரும்பிப் பார்ப்பாளா என்று இருக்கும். கேமராவுக்குப் பின்னால் நான்தான் நின்றேன், திரும்பினால் என்னைத்தான் பார்த்திருக்க வேண்டும். முதல் வருடத்திலிருந்தே எனக்கு அவளைப் பிடிக்கும். சொன்னதில்லை. எதிரே இருந்தபோது அதை எப்படியோ சமாளித்தேன். அவள் திரைக்கு அந்தப் பக்கம் போன பிறகு சோறு இறங்கவில்லை. கேன்டீனில் அவள் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சால்னாவுக்குக் காத்திருப்பாள், அந்தப் பெஞ்சைத் தாண்டிப் போகவே முடியவில்லை.

"உனக்கு மட்டும் பத்துக்குப் பத்தா?" என்றார் மேடம். திட்டவில்லை. "தப்பத் தேடிப் பாரு. தப்பு தெரிஞ்சா திகில் போயிரும். செமஸ்டருக்குள்ள முடி. இல்லன்னா அந்தப் பிள்ளைக்கு எல்லாப் பேப்பரும் அரியர்."

தப்பைத் தேடினேன். தப்புக்கா பஞ்சம்? முதல் ஷாட்டில் சுவரில் மைக்கின் நிழல் விழுந்திருக்கிறது. அவள் துப்பட்டா ஒரு ஷாட்டில் இடது தோளிலும் அடுத்ததில் வலது தோளிலும் கிடக்கிறது. படியேறும் காட்சியில் ஃபோகஸ் ஒரு நொடி தவறுகிறது, அது என் வேலை. ஆனால் துப்பட்டாவைப் பார்த்தால், அன்று அவள் அதை மாற்றிப் போட்டுவிட்டு, 'ஏ, எந்தப் பக்கம் கெடந்துச்சுடா' என்று கேட்டதுதான் ஞாபகம் வந்தது. ஃபோகஸ் தவறியது ஏன் என்பதும் எனக்குத் தெரியும். தப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குத் திகில் கூடியது.

அஜ்மலுக்குக் கோபம். "நீ ஏங்கிட்டு இருக்கிற வரைக்கும் அவ அங்கயேதான் நிப்பா. உன்னாலதான்டா அவ வரல" என்றான். அது உண்மை.

அன்று சாயங்காலம் பொன்ரூபாவின் அம்மா டிவி முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். படத்தை ஒரு தடவை பார்த்தார். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, நீங்க ஒருத்தர்தான் பாக்கியாம்ல?"

"ஆமாம்மா."

"என்னய அவமேல உள்ள ஆசைய விடச் சொன்னா நான் விட மாட்டேன், நான் பெத்தவ. நீங்க விட்ருவீங்க. சின்ன வயசுதான" என்றார். எழுந்து போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

வழி சொன்னது ஜெபராஜ். கேன்டீனில் பஜ்ஜியைத் தாளில் ஒற்றி எண்ணெய் எடுத்துக்கொண்டே சொன்னான்.

"உனக்கு இருக்கிறது படத்தோட திகில் இல்லடா. அவளுக்கு உன்னப் பிடிக்குமா பிடிக்காதாங்கிற திகில். கேட்டுட்டா முடிஞ்சிரும்."

"எப்படிக் கேக்க? அவ அங்க இருக்கா."

"படம் இருட்டுல முடியுதுல்ல. அதுக்கப்புறமும் சத்தத்த நான் கொஞ்ச நேரம் ஓட விட்ருக்கேன். டக்குனு நின்னா நல்லாருக்காதுன்னு. அந்த இருட்டுல நம்ம எதுவும் எடுக்கல. அது அவ இடம். பேசணும்னா அங்க பேசிக்கிடுவா."

மறுநாள் மதிய இடைவேளையில் திரையிடும் அறையைத் திறந்துகொண்டேன். அஜ்மலும் ஜெபராஜும் வெளியே காவலுக்கு நின்றார்கள். திரை முன்னால் நின்று கேட்டேன்.

"ரூபா, உனக்கு என்னப் பிடிக்குமா? மார்க்குக்காகக் கேக்கல. ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன்."

படத்தை ஓட்டினேன். அவள் குடிவந்தாள். சத்தம் கேட்டாள். படியேறினாள். திருப்பத்தில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரை இருண்டது. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. பிறகு அவள் குரல், பக்கத்திலிருந்து பேசுவதைப் போல.

"பிடிக்கும் மாரீஸ். ஆனா நீ கேக்குற மாதிரி இல்ல. கோவிச்சுக்காத."

இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். இருட்டில் சொட்டு மட்டும்தான் விழுந்தது.

ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் பூஜ்யம்தான். மதிப்பெண்ணுக்கு இரண்டும் ஒன்று. எனக்கு அப்படியில்லை. வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் அடுத்து என்ன ஆகுமோ என்பது மட்டும் போய்விட்டது. மூன்றாவது தடவை படத்தை ஓட்டியபோது ஒரு பெண் மாடிப்படி ஏறினாள், அவ்வளவுதான். மைக்கின் நிழல் அசிங்கமாக இருந்தது. மேடத்தின் அறைக்குப் போய்ப் பூஜ்யம் போட்டேன்.

பேனாவை மூடுவதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எல்லோரும் வராந்தாவுக்கு வந்தோம். பொன்ரூபாவின் அம்மா சாப்பாட்டோடு அப்போதுதான் வந்து நின்றிருந்தார். பொன்ரூபா இறங்கி வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வந்தான். அவன் கை மணிக்கட்டுவரை ஈரமாக இருந்தது.

"இவருதாம்மா குழாயத் தொறந்தது" என்றாள் அம்மாவிடம்.

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பார்ப்பதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. கண் இருந்தது, மூக்கு இருந்தது. திரும்பிக்கொண்டால் மறந்துவிடும்.

"தம்பிக்கு எந்த ஊரு? பேரென்ன?"

அவன் மரியாதையாகக் கைகளைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தான். அவனுக்கு அதெல்லாம் இல்லை.

"கதை யாரு?" என்றார் மேடம்.

"நான்தான் மேடம்."

"பாதியில விட்டுருக்க. முடிச்சுக் குடு. அந்தப் பிள்ளைங்க நிக்கிதுல்ல."

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வேலை என் வேலை. ஊர் சாத்தூர் என்று கொடுத்தேன். தீப்பெட்டி ஆபீசில் கணக்குப் பார்ப்பதாக வைத்தேன். அவளைக் காக்க வைக்கக் கூடாது என்பதற்காக நேரம் தவறாத பழக்கம் ஒன்றைச் சேர்த்தேன். கோபம் வந்தால் கத்தாமல் வெளியே போய் நடந்துவிட்டு வருபவன் என்றேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் முகம் பிடிபட ஆரம்பித்தது. பொன்ரூபா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அந்தப் பார்வைக்குத்தான் அவ்வளவு நாள் காத்திருந்தேன்.

பெயர்தான் வரவில்லை. ஏழெட்டு யோசித்தேன். எதைச் சொல்லிப் பார்த்தாலும் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டவில்லை. பொன்ரூபாவுக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லிச் சொல்லிப் பழகிய பெயர் என்னிடம் ஒன்றுதான் இருந்தது, என் சொந்தப் பெயர்.

"மாரீஸ்வரன்" என்றேன்.

"நல்ல பேரு" என்றார் அம்மா.

அவர்கள் கிளம்பினார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் அவள், "மாரீஸ், பஸ் வந்துருச்சு" என்று கூப்பிட்டாள். அவன் ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஓடினான். நான் அசையவில்லை.

மறுநாள் காலை வருகை எடுக்கும்போது, பதிவேட்டில் என் பெயர் இருந்த இடம் வந்ததும் மேடம் எதுவும் படிக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"எஸ் மேடம்" என்றேன். அடுத்த பெயருக்குப் போனார்.