கீழே ஒரு வரி

அந்த ஆபீசில் அவளை எல்லோரும் அறிக்கை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. மக்கள் தொடர்புத் தொழிலில் இருபத்திரண்டு வருஷம். எந்தக் கம்பெனி எந்த வம்பில் மாட்டினாலும் சரி, அதன் தலைவர் வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தையை இவள்தான் எழுதுவாள். பிஸ்கட்டில் புழுவா? "தரத்தில் நாங்கள் எந்தச் சமரசமும் செய்துகொள்வதில்லை." ஐந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா? "கனத்த இதயத்தோடு இந்த முடிவை எடுத்தோம்." அந்தத் தலைவரின் இதயம் கனத்ததா, லேசாகிப் பறந்ததா, இவளுக்கு எப்படித் தெரியும்? ஆளை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனாலும் மறுநாள் பேப்பரில் "என்று அவர் கூறினார்" என்று கூசாமல் வரும். பூசி மெழுகுவதற்கு ஒரு பட்டம் கொடுத்தால் அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அந்த ஆபீசுக்கு ஏஐ வந்தது. அவள் எழுதிய இருபத்திரண்டு வருஷ அறிக்கைகளையும் அள்ளி அதற்குள் கொட்டினார்கள். பத்தே நாளில் அது அவள் மாதிரியே எழுத ஆரம்பித்துவிட்டது. அதே கனத்த இதயம், அதே சமரசமின்மை. பக்கத்து சீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். தட்டாமல் என்ன செய்வது?

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விடாப்பிடியாக நின்றாள். மீட்டிங்கில் எழுந்து, "மெஷின் எழுதினா, மெஷின் எழுதினதுன்னு கீழ ஒரு வரி போடணும். படிக்கிறவனுக்கு அது தெரிஞ்சாகணும்" என்றாள்.

அவளைவிடப் பத்து வயது சின்னவரான மேனேஜர் சிரித்தார். "அப்படிப் பார்த்தா உங்களுக்கும் போடணுமேக்கா. 'இதைத் தலைவர் எழுதல, எங்க அக்காதான் எழுதினாங்க'ன்னு. இருபத்திரண்டு வருஷமா நீங்க கேக்கவே இல்லையே?"

அறை முழுக்கச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். நியாயமான கேள்விதானே! ஆனால் பெரிய கம்பெனி ஒன்றின் வக்கீலும் அவள் சொன்னதையே சொன்னதால், கடைசியில் அவள் பேச்சே எடுபட்டது. அன்றிலிருந்து ஏஐ எதை எழுதிக் கொடுத்தாலும் அடியில் தானாகவே ஒரு வரி வந்து உட்கார்ந்துகொள்ளும்: "இந்த அறிக்கை ஏஐ உதவியுடன் தயாரிக்கப்பட்டது." வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் ஜெயித்த ஒரே சண்டை அது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது? நாலாவது மாடியில் ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஒரே ஒரு நாற்காலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஃப்டில் "பை" என்று யாரிடமாவது சொன்னால், அடுத்த வார்த்தை திங்கட்கிழமை காலையில்தான். திங்களன்று முதல் "குட் மார்னிங்" கரகரவென்றுதான் வரும்.

அப்பாவுக்கு போன் போடலாம். போட்டாள். அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். பெட்டிக்குள் மூலையில் ஒரு முக்காலி, கையில் பொத்தான்கள், வாயில் "எந்த மாடி?" என்ற இரண்டே வார்த்தை. வீட்டிலும் அதிகம் பேசமாட்டார்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்பா. நீங்க?"

"ஆச்சு. சரி, வச்சுடறேன்."

நாற்பது வினாடி. அம்மா போனபிறகு ஒவ்வொரு வாரமும் இதே நாற்பது வினாடிதான். சண்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் போய்விட்டது.

அப்பாவை வைத்துப் பார்த்துக்கொண்டது தம்பி. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கோபம் மூக்குக்கு மேல் வரும், அடுத்த நிமிஷமே கண்ணில் தண்ணீரும் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவன் போன் செய்தான்.

"அக்கா, அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஐசியுல வச்சிருக்காங்க. டாக்டர் கையை விரிச்சுட்டார். கிளம்பி வா."

ஆனால் அன்றைக்கென்று பார்த்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த குளிர்பானக் கம்பெனியின் பாட்டிலில் கண்ணாடித் துண்டு கிடைத்திருந்தது. மேனேஜர் அவள் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டுக் கிளம்பிடறேன்" என்று தம்பியிடம் சொன்னாள். மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. பயந்துபோன கை தெரிந்த வேலையைத்தானே செய்யும்?

கெட்ட சேதி வரும் என்று தெரிந்தால் அறிக்கையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது அந்தத் தொழிலில் பாலபாடம். எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவது இரண்டாவது பாடம். ஏஐயிடம் அப்பாவின் வயது, வேலை, எத்தனை பிள்ளைகள் என்று நாலு தகவல் கொடுத்தாள். அரை நிமிஷத்தில் எழுதித் தந்துவிட்டது. படித்துக்கூடப் பார்க்காமல், அடியில் இருந்த வரியையும் கவனிக்காமல், தம்பிக்கு அனுப்பினாள்: "ஒப்புதலுக்கு. அப்பா, இரங்கல் அறிக்கை, முதல் வரைவு. திருத்தம் இருந்தால் மாலை ஐந்துக்குள் சொல்லவும். அதுவரை வெளியிட வேண்டாம்."

சத்தியமாக உதவி செய்வதாகத்தான் அவள் நினைத்தாள். அந்த நேரத்தில் தம்பி பாவம், எதையெல்லாம்தான் பார்ப்பான்?

போன் உடனே அடித்தது.

"அப்பா உள்ள மூச்சு விட்டுக்கிட்டு இருக்கார்" என்றான் தம்பி. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நான் கண்ணாடி வழியா அவர் நெஞ்சு ஏறி இறங்குறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ அவருக்கு இரங்கல் எழுதி, அஞ்சு மணி வரைக்கும் டைம் வேற குடுக்கறே."

"இல்லடா, நான் என்ன நெனைச்சேன்னா..."

"அதையும் நீ எழுதல. மெஷினை விட்டு எழுத வச்சிருக்கே. கீழ போட்டிருக்கு பாரு."

போனை வைத்துவிட்டான். அவள் அனுப்பியதைத் திறந்து பார்த்தாள். அந்த வரி அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இப்படியா ஒரு பொம்பளை செய்வாள் என்று தன்னையே கன்னத்தில் அறைந்துகொள்ளவேண்டும் போல இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள்.

மறுநாள் காலையில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரே ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் தம்பி அவளிடம் பேசவில்லை. வராந்தா பெஞ்சில் நடுவில் ஒரு இடம் விட்டு உட்கார்ந்தான். மூன்று நாளும் அந்த நடு இடத்தில் தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. நாலாவது நாள் அப்பாவை வார்டுக்கு மாற்றினார்கள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் எந்த அப்பாவுக்குத்தான் புரியாது? "என்னடா ஆச்சு?" என்று கேட்டார். தம்பி செல்போனை எடுத்து அவரிடமே நீட்டிவிட்டு வெளியே போய்விட்டான்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

"'பலரை உயரத்துக்குக் கொண்டு சென்றவர்'" என்று அப்பா வாய்விட்டுப் படித்தார். "இது நல்லா இருக்கு. எறக்கியும் விட்டேனே, அதையும் போட்டிருக்கலாம்."

அவர் சிரித்தார். சிரித்தால் இருமல் வந்தது. அவள் தண்ணீர் கொடுத்தாள்.

"இது என்ன, 'என் பிள்ளைகள்தான் என் சொத்து என்று அவர் அடிக்கடி கூறுவார்'? நான் எப்பம்மா சொன்னேன்?"

"சொல்லலப்பா. எங்க தொழில்ல அப்படிப் போடறது வழக்கம். ஆளு சொல்ற மாதிரி ஒண்ணு இருக்கணும்."

"அவங்க ஒத்துக்குவாங்களா?"

"யாரும் வேண்டாம்னு சொன்னதில்லப்பா."

"நான் சொல்றேன். எடுத்துடு." கடைசிவரைக்கும் விரலால் தள்ளிக்கொண்டே போனார். அடியில் இருந்த வரியைப் பார்த்தார். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது இருக்கட்டும். மொத்தத்துல இது ஒண்ணுதான் உண்மை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் தாங்கமுடியவில்லை. போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். நாற்பத்தாறு வயது, பக்கத்துக் கட்டில்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"அழாதே. என்னைப் பத்தி உனக்கு ஒண்ணும் தெரியாது, பாவம் நீ என்ன எழுதுவே? நானும் சொன்னதில்ல." அப்பா போனை அவள் கையில் வைத்தார். "இன்னொரு தடவை எழுத வேண்டியிருக்கும். அப்ப நீயே எழுது. எழுதிட்டு, கீழ உன் பேரைப் போடு. மெஷினுக்கே ஒரு வரி இருக்கு, உனக்கு இருக்கக்கூடாதா?"

அதற்கப்புறம் மூன்று வாரம். அவள் ஊருக்குத் திரும்பி, ஆபீஸ் முடிந்ததும் தினமும் அப்பாவுக்கு போன் செய்தாள். தினம் ஒரு கேள்வி கேட்டாள். நாற்பது வினாடி நாலு நிமிஷம் ஆயிற்று, ஒருநாள் பதினோரு நிமிஷம்கூட ஆயிற்று. முக்காலியில் உட்கார்ந்து குனிந்தே இருப்பதால், ஆட்களை முகத்தைவிடச் செருப்பை வைத்துத்தான் அதிகம் தெரியும் என்றார். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் மனசுக்குள் "பார்த்து" என்று சொல்லிக்கொள்வாராம், வாய்விட்டுச் சொன்னதில்லையாம்.

"லிஃப்டுக்குள்ள வாயைத் திறந்து பேசினது ஒரே ஒரு நாள்தாம்மா" என்றார் ஒருநாள். "உனக்கு வேலை கெடைச்ச அன்னிக்கு. ஏறினவன் எறங்கினவன் எல்லார்கிட்டயும் சொன்னேன். பெரிய அதிகாரி ஒருத்தர் அஞ்சாவது மாடியில எறங்கவேண்டியவர், கேட்டுக்கிட்டே ஏழாவதுக்கு வந்துட்டார்."

"என்கிட்ட ஏன்பா சொல்லல?"

"உன்கிட்டயா? உனக்குத்தான் தெரியுமே, உனக்கு வேலை கெடைச்சது."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த ஒற்றை நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இருபத்திரண்டாவது நாள் மத்தியானம் தம்பி போன் செய்தான். ஒரு மாதத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"அக்கா. போயிட்டார்க்கா." அழுதான். "எனக்குக் கை காலே ஓடல. எல்லாருக்கும் சொல்லணும். நீ எழுதி அனுப்புக்கா, நான் குரூப்ல போட்டுடறேன்."

ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். ஏஐயைத் திறக்கவில்லை. கண்ணீர் செல்போன் கண்ணாடியில் விழ விழத் துடைத்துக்கொண்டே எழுதினாள்:

"எங்கள் அப்பா இன்று மத்தியானம் காலமானார். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டினார். அதிகம் பேசமாட்டார். ஏறி இறங்கிய பலருடைய செருப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். மகளுக்கு வேலை கிடைத்த அன்று மட்டும், லிஃப்டில் ஏறிய எல்லோரிடமும் அதைச் சொன்னார். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் மனசுக்குள் 'பார்த்து' என்று சொல்வாராம். இன்று நாம் அவரிடம் சொல்வோம். பார்த்துப் போய்ட்டு வாங்கப்பா."

தம்பிக்கு அனுப்பினாள். "அனுப்பிடறேன்க்கா" என்று உடனே பதில் வந்தது. ரயிலும் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து குடும்பக் குரூப்பைத் திறந்தாள். தம்பி பெயரில் அவள் எழுதியது இருந்தது. அதன் கீழே சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள், பேரே மறந்துபோன யார் யாரோ வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.

"படிச்சுட்டு அழுதுட்டேன் தம்பி."

"உனக்கு இப்படி எழுத வரும்னு தெரியாதுடா. அண்ணனைக் கண்ணு முன்னால கொண்டு வந்துட்டே."

"அக்காவைப் பத்திகூட எவ்வளவு பெருந்தன்மையா எழுதியிருக்கே. நீதான்டா புள்ள."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்தாள். "எனக்கு வேலை கிடைத்த அன்று" என்று எழுதவில்லை, "மகளுக்கு" என்று எழுதியிருந்தாள். கீழே பெயரும் போடவில்லை. யாரும் எடுத்துவிடவில்லை. அவளேதான் போடாமல் விட்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அது. அப்பா அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் கை மறந்துவிட்டது.

"இது நான் எழுதினது" என்று குரூப்பில் தட்டினாள். அந்த மூன்று சொற்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா செத்த அன்றைக்கு வந்து இதையா கேட்பது? ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். கீழே தம்பியிடமிருந்து ஒரு பதில் வந்திருந்தது, ஓடியாடிக்கொண்டே எல்லோருக்கும் பொதுவாகப் போட்டது: "எல்லாருக்கும் நன்றி."

எதிர் சீட்டில் இருந்த அம்மாள், "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டாள். இவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கரகரவென்று அந்தத் திங்கட்கிழமைக் குரல்தான் வந்தது.

"அப்பா வீட்டுக்கு" என்றாள்.